அறுபது போத்தல் களப்புத் தண்ணீர்

நான் கடல்சார் சூழல் விஞ்ஞானம் படித்து முடித்துவிட்டேன் என்று சொன்னதும், ஒட்டுசுட்டானில் எங்கள் பக்கத்து வளவு மாமி கேட்ட முதல் கேள்வி, "யானைக்கு ஏதும் படிக்கேல்லையோ பிள்ளை?" என்பதுதான். அவருடைய கவலை நியாயமானது. அதற்கு முதல் வாரம்தான் யானை வந்து வேலியைச் சாய்த்து, குலை தள்ளியிருந்த வாழைகளையெல்லாம் முறித்துப் போட்டிருந்தது. நான்கு வருடம் கம்பஸில் இருந்து வந்தவளிடம் அதற்கு ஒரு மருந்து இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கிறார். "இல்லை மாமி, மீன், இறால், களப்பு, கண்டல் காடு" என்று நான் விரல் மடக்கிச் சொல்லச் சொல்ல, அவருடைய முகம் சுருங்கிக்கொண்டே போனது. மீன் வாங்கப் படிப்பு எதற்கு என்று கேட்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

எங்கள் வீட்டிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. மலையகத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. எங்கள் பரம்பரையில் கடலைத் தாண்டி வந்தவர்கள் உண்டு, கடலில் இறங்கியவர்கள் கிடையாது. வீட்டில் "ஆமா" என்போம், படலையைத் தாண்டினால் "ஓம்" என்போம். அப்பாவுக்குக் குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயல், மேட்டில் கொஞ்சம் கச்சான் கடலை. உயர்தரப் பரீட்சையில் எனக்குக் கிடைத்த இசட் புள்ளி, வைத்தியத்துக்குக் காணாமல், சும்மா வீட்டில் இருப்பதற்குக் கூடிப்போய், இந்தப் பாடத்தின் வாசலில் என்னை இறக்கிவிட்டது. கடிதத்தை இரண்டு தரம் வாசித்த அப்பா, "ஏம்மா, கடலா? நமக்குக் கொளமே போதுமே" என்றார். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை இருவருமே அன்று பேசவில்லை.

பட்டம் கிடைத்த பிறகு ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தேன். எங்களோடு படித்தவர்களின் வட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு செய்தி வரும். ஒருத்தி வங்கியில் சேர்ந்துவிட்டாள். ஒருவன் காப்புறுதி விற்கிறான், எங்கள் எல்லோருக்கும் விற்கப் பார்க்கிறான். ஒருவன் பூநகரிப் பக்கம் கடலட்டைப் பண்ணையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று செல்பி அனுப்புகிறான். ஒருத்தி பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறாள், மீதிப் பேர் அரச நியமனத்துக்குக் காத்திருக்கிறோம். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்" என்று அரச வேலையைப் பற்றி எங்கள் பகுதியில் ஒரு பேச்சு உண்டு. மலையகத்திலிருந்து ஒன்றையும் மறக்காமல் கொண்டுவந்த என் அம்மா, வன்னிக்கு வந்து முதலில் கற்றுக்கொண்டது அந்தப் பழமொழியைத்தான் என்று நினைக்கிறேன். பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக ஒரு மேசை, ஒரு கதிரை, மாதம் பிறந்தால் சம்பளம். அம்மாவின் கனவில் கடல் எங்குமே இல்லை.

அந்த இடைவெளியில்தான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. முல்லைத்தீவுக் கரையில் ஒரு களப்பு, கடல் உள்ளே வந்து தேங்கிக் கிடக்கும் ஆழமில்லாத உப்பு நீர்ப்பரப்பு; அதில் ஓர் ஆய்வுத் திட்டம். அதற்குக் கள உதவியாளர், ஆறு மாத ஒப்பந்தம். வேலை திருப்தியென்றால் நீட்டிப்பார்கள். திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்துபோகும் ஒரு பெண்மணி. அவரை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். குறைவாகக் கதைப்பார், கூடுதலாகக் குறித்துக்கொள்வார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் களப்பில் பத்து இடத்தில் தண்ணீர் எடுத்து, அதில் உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அளந்து அவருக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு இடத்துத் தண்ணீரையும் ஒரு சின்னப் போத்தலில் அடைத்து, திகதி எழுதி வைத்திருக்கவும் வேண்டும். படித்த படிப்புக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. முதல் நாள் பஸ்ஸில் போகும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தங்கியது களப்புத் தொழில் செய்யும் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் வீட்டில். வீட்டுக்கார அக்காவின் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. அவருடைய கணவர் அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர், நண்டு வலை போடுகிறவர். என்னைத் தோணியில் ஏற்றிக் களப்பைச் சுற்றிக் காட்டுவதும் அவர்தான். முதல் நாள் நான் தோணியின் இரண்டு விளிம்பையும் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, பயப்பிடாதையும். இதிலை விழுந்தால் எழும்பி நிண்டால் காணும்" என்றார். உண்மைதான். பெரும்பாலான இடத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேலே வராது. இருந்தும் நான் பிடியை விடவில்லை.

உப்பை அளக்கும் கருவி ஒரு சாண் நீளக் குழாய். அதன் முனையில் உள்ள கண்ணாடியில் இரண்டு துளி தண்ணீரை விட்டு, மூடியை மூடி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால், ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு உப்பு என்று ஒரு கோடு காட்டும். அளக்கத் தொடங்குவதற்கு முன்னால், உப்பே இல்லாத சுத்தமான தண்ணீரை விட்டுக் கோட்டைச் சைபரில் நிறுத்த வேண்டும். இதற்கென்று மிஸ் ஒரு போத்தல் வடித்த நீர் தந்திருந்தார். பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது, தைரியமாக அதையும் பையில் வைத்துக்கொண்டு போனேன், வீட்டில் கருவியைக் காட்ட வேண்டுமே. திரும்பி வரும்போது ஒட்டுசுட்டான் பஸ் குலுக்கிய குலுக்கலில் மூடி கழன்று, வடித்த நீர் முழுவதையும் என் சட்டைகள் குடித்துவிட்டன. மிஸ்ஸிடம் இன்னொரு போத்தல் கேட்க வெட்கமாக இருந்தது. கவனமில்லாதவள் என்று தன் குறிப்புக் கொப்பியில் குறித்துவிடுவாரோ என்ற பயம்.

அதனால் என்ன செய்தேன்? கிணற்றில் அள்ளினேன். எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீர் என்றால் தேன். யாராவது தண்ணீரைப் புகழ வேண்டுமென்றால் "கெணத்துத் தண்ணி மாதிரி" என்றுதான் சொல்வோம். அக்காவின் வீட்டுக் கிணறும் பளிங்கு மாதிரித் தெளிவாக இருந்தது, அடியில் கிடந்த ஓடு கூடத் தெரிந்தது. ஒவ்வொரு வியாழனும் ஒரு வாளி அள்ளி, இரண்டு துளி விட்டு, கோட்டைச் சைபருக்குக் கொண்டுவந்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதை தொடங்கியது அந்தக் கிணற்றடியில்தான்.

எனக்கு எச்சரிக்கை வராமல் இல்லை. சவர்க்காரம் நுரைக்க மறுத்தது, மலிவுச் சவர்க்காரம் என்று கடைக்காரரை ஏசினேன். தலைமயிர் தும்பாகியது, கடற்காற்று என்று நினைத்தேன். வாய் கொப்பளிக்கும்போது கரித்தது, நான் பாவித்தது உப்புச் சேர்த்த பற்பசை. குடிக்கவும் சமைக்கவும் அக்கா குசினியில் ஒரு நீலக் கலனில் தண்ணீர் வைத்திருப்பார். கிணற்றுத் தண்ணீரை அள்ளித்தான் அதில் நிரப்புகிறார் என்று நான் நினைத்தேன். கிணறு உப்பு, குடிதண்ணீர் பவுசர் லொறியில் வருவது என்பது அந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும், பட்டதாரிக்குத் தெரியாமல் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

மாசி பிறந்து வெயில் ஏறியது. களப்பில் இறால் குஞ்சு விடும் நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. பொரிப்பகத்தில் வளரும் குஞ்சுகளை அப்படியே கொண்டுவந்து கொட்ட முடியாது. களப்பில் எவ்வளவு உப்போ, அதே அளவுக்குத் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கித்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் தளர்ந்து செத்துப்போகும். எவ்வளவு உப்பு என்று சொல்ல வேண்டியவள் நான். என் ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது. குஞ்சுகள் பிழைத்தால் நானும் பிழைப்பேன் என்ற கணக்கில் நான் இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அப்பா தொலைபேசி எடுத்தார். அவருடைய குரலுக்குப் பின்னால் அம்மா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "லெட்டர் வந்துருச்சும்மா. கவுருமெண்டு வேல. அடுத்த திங்கள் விட்டு அதுக்கடுத்த திங்கள், காலையில ஒம்பது மணிக்குப் போயி கையெழுத்துப் போடணுமாம்." நான் "சரிப்பா" என்றேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்குச் சந்தோசம் வரவில்லை என்பது தெரிந்தது. இந்தக் களப்பு வேலை நீளுமா என்று தெரியாமல் அரச நியமனத்தைக் கைவிடவும் முடியாது, இதில் நிற்கத்தான் ஆசை என்று வீட்டில் சொல்லவும் வாயில்லை.

மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்த பிறகு சங்கக் கட்டடத்தில் கூட்டம். முப்பது பேர் வந்திருந்தார்கள். புதன்கிழமை குஞ்சு விடுவதாகத் திட்டம். நான் என் தாளைப் பார்த்து, ஆறு கிழமையில் களப்பின் உப்பு பதினாறிலிருந்து பத்தொன்பதுக்குத்தான் ஏறியிருக்கிறது, நிதானமாக இருக்கிறது என்று வாசித்தேன். சங்கத் தலைவர் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, என்ரை வலை காயேக்கை வெள்ளையாய் உப்புப் பூக்குது. போன வருஷம் சித்திரையிலைதான் இப்பிடிப் பூத்தது. உம்மடை கணக்கு எனக்குக் குறையவாய்ப் படுது."

"கருவி பொய் சொல்லாது அண்ணை" என்றேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்குக் கன்னத்தில் இரண்டு போட வேண்டும்போல இருக்கிறது.

அக்கா பூசைக்குப் பிறகு பாடகர் குழுவுக்குப் பழக்க நின்றுவிட்டதால், தேநீருக்கு ஆளில்லை. தலைவரோடு கொஞ்சம் முகம் கோணிக் கதைத்துவிட்டேனே என்ற குற்ற உணர்வில், "நான் பிளேன்ரீ போடுறன்" என்று எழும்பினேன். வீட்டுக்குப் போய், கிணற்றில் இரண்டு வாளி அள்ளி, பெரிய பானையில் கொதிக்க வைத்து, தேயிலையும் சீனியும் தாராளமாகப் போட்டு, முப்பது கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோய்ப் பரிமாறினேன். தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களின் வழி வந்தவள் நான், தேநீர் போடுவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

முதல் மிடறு எல்லோரும் ஒன்றாகக் குடித்தார்கள். பிறகு ஒன்றாக எழும்பி வெளியே ஓடினார்கள். வேலியோரம் முழுவதும் துப்பல். தலைவர் மட்டும் பண்புக்காக விழுங்கிவிட்டார், கண்ணில் நீர் வந்துவிட்டது.

"என்ன தங்கச்சி, தவக்காலமெண்டு எங்களை ஒறுத்தல் செய்ய வைக்கிறீரோ?" என்று திரும்பி வந்து பின்வரிசை வாங்கில் அமர்ந்த ஒருவர் கேட்டார். கட்டடமே சிரிப்பில் அதிர்ந்தது.

"எந்தத் தண்ணியிலை போட்டனீர்?" என்று தலைவர் கேட்டார்.

"கிணத்துத் தண்ணியிலை."

"கடவுளே! அது கைகால் கழுவிற தண்ணியெல்லே. மாரியிலை எண்டால் ஒருமாதிரிச் சமாளிக்கலாம். வெயில் துவங்கினால் நாளுக்கு நாள் உப்பேறும்."

நானும் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். கரித்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நான் கோப்பையைக் கீழே வைத்தேன். இந்தத் தண்ணீரைத்தான் ஆறு கிழமையாக என் கருவிக்குக் காட்டி, "இதுதான் சைபர்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். உப்பைச் சைபர் என்று நம்பிய கருவி, களப்பின் உப்பை அந்த அளவு குறைத்துக் காட்டியிருக்கிறது. கிணற்றில் உப்பு ஏற ஏற, என் பிழையும் வாரா வாரம் ஏறியிருக்கிறது. வலையில் பூத்த உப்புத்தான் சரி.

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. யாருக்கும் தெரியாது. கையில் அரச நியமனம் இருக்கிறது. பேசாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனால், குஞ்சு செத்ததற்கு வெயில்தான் காரணம் என்று எல்லோரும் நினைப்பார்கள். முழுப் பூசணிக்காயை மறைக்க என் தட்டில் சோறு கூட வேண்டியதில்லை. ஆனால் விழுங்கிய தேநீருக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற தலைவரைப் பார்த்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அண்ணை, கருவி பொய் சொல்லேல்லை. நான்தான் அதுக்குப் பொய் சொல்லிக் குடுத்திருக்கிறன்" என்று தொடங்கி, பஸ்ஸில் ஊற்றுண்ட போத்தலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. யாரும் ஏசவில்லை. "அப்ப புதன்கிழமை விடேலாது" என்றார் தலைவர். அவ்வளவுதான்.

மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "போத்தல்கள் இருக்கோ?" என்றார்.

"இருக்கு மிஸ்."

"வடிச்ச தண்ணி வாங்கி, எல்லாத்தையும் திரும்ப அளந்து அனுப்பும். நாளைக்கு."

"மிஸ், என்ரை வேலை..."

"அதைப் பிறகு கதைப்பம்."

கட்டிலுக்குக் கீழே பார்த்தால் போத்தல் பெட்டியைக் காணவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. அதைக் குப்பையில் எறியப்போவதாக அக்கா மாதத்துக்கு மூன்று தரமாவது வெருட்டுவார். பாட்டுப் பழகிவிட்டு வந்த அக்காவைப் படலையிலேயே மறித்துக் கேட்டேன். "வெக்கை படக்கூடாதெண்டு நீர்தானே சொன்னனீர்? குசினிக்குள்ளை, நீலக் கலனுக்குப் பின்னாலை குளிர்ச்சியாய் வைச்சிருக்கிறன். ஏன், அதிலையும் தேத்தண்ணி போடப் போறீரோ?" என்றார். செய்தி அவருக்குக் கோயிலிலேயே எட்டிவிட்டது. நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் பற்றறித் தண்ணீர் வாங்கினேன். அதுவும் வடித்த நீர்தான். "எந்த வாகனத்துக்கு?" என்று கடைக்காரர் கேட்டார். "எனக்குத்தான்" என்றேன். குசினி மேசையில், பொங்கலுக்குப் பிறகு நிரப்பிய அறுபது போத்தலையும் வரிசையாக அடுக்கி, நான் ஒவ்வொன்றாக அளந்து சொல்ல, அக்கா கொப்பியில் எழுதினார். கோடு போட்ட தாளில் அவ்வளவு அழகான எழுத்தை நான் எந்த ஆய்வுகூடத்திலும் பார்த்ததில்லை. முதல் கிழமை என் பிழை ஒன்று. கடைசிக் கிழமை நான்கு. களப்பின் உப்பு பத்தொன்பது அல்ல, இருபத்துமூன்று. பின்னேரம் மிஸ்ஸுக்கு அனுப்பினேன். பதில் ஒரு வரி: பொரிப்பகத்தில் குஞ்சுகளை இருபத்துமூன்றுக்குப் பழக்க ஒரு கிழமை வேண்டும், அடுத்த திங்கட்கிழமை காலையில் விடுவோம். வேலையைப் பற்றி ஒன்றுமில்லை.

அந்தத் திங்கட்கிழமைதான் அப்பா சொன்ன திங்கட்கிழமை. தொலைபேசியில் சொன்னேன், "அப்பா, அன்னிக்குக் காலையில களப்புல வேல இருக்கு." "வெள்ளென முடிச்சுரு. நான் பைக்க எடுத்துக்கிட்டு வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். அதற்கு மேல் எதிர்த்துப் பேச எனக்குத் துணிவு வரவில்லை.

திங்கள் காலை ஏழு மணி. குஞ்சுகள் நிரப்பிய பொலித்தீன் பைகள் லொறியில் வந்து இறங்கின. மிஸ் வந்திருந்தார், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சிரிக்கவில்லை. பைகளைக் களப்பில் மிதக்க விட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தோம். நான் பைத் தண்ணீரை அளந்தேன், களப்பை அளந்தேன். இரண்டும் இருபத்துமூன்று. கருவியைத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப என்ரை வலையும் இதுவும் ஒரே கதை கதைக்குது" என்றார். அக்கா தேநீர் கொண்டுவந்தார். கோப்பையை வாயில் வைக்க முன்னால் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "நான் போடேல்லை" என்று சத்தியம் செய்த பிறகுதான் குடித்தார்கள்.

இதற்கிடையில் அப்பாவும் வந்துவிட்டார். கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் அந்தக் கடிதம். கரையில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தவரிடம், ஆள் காணாதென்று தலைவர் ஒரு பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அப்பா தயங்கினார். பிறகு காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக உப்புத் தண்ணீருக்குள் இறங்கினார். பையின் வாயை நான் அவிழ்த்துவிட்டேன். நூல் துண்டுகள் போல ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் வெளியே வந்து, கொஞ்ச நேரம் அவருடைய காலைச் சுற்றி நின்று, பிறகு களப்பின் அடியில் வளர்ந்திருந்த தாழைப் புல்லுக்குள் போய்விட்டன. ஒன்று கூடச் சுருளவில்லை. அப்பா குனிந்து பார்த்தபடியே நின்றார்.

"இந்தத் தண்ணியில ஒண்ணுமே மொளைக்காதுன்னு நெனச்சேன்" என்றார்.

கரைக்கு ஏறியபோது மிஸ் லொறிக்குள்ளிருந்து ஒரு பெரிய கலனைத் தூக்கிவந்து என் காலடியில் வைத்தார். மேலே அவருடைய கையெழுத்தில் "வடித்த நீர்" என்று எழுதியிருந்தது. "இருபது லீற்றர். இந்த வருஷம் முடியும் வரைக்கும் காணும். கிணத்தடிக்குப் போகப்படாது" என்றார். அப்போதுதான் சிரித்தார். என் வேலை நீள்கிறது என்பது விளங்க எனக்கு ஒரு நொடி எடுத்தது. விளங்கியதும் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் கையில் மோட்டார் சைக்கிள் திறப்பு. மணி எட்டேகால். சொல்ல வேண்டியது நான்தான்.

"அப்பா, நான் கையெழுத்துப் போட வரல்ல. இங்கயே இருக்கேன்."

அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு களப்பைப் பார்த்தார்.

"எத்தன மாசத்துல புடிக்கலாம்?"

"மூணு, மூணரை மாசம்."

"நம்ம நெல்லு கணக்குத்தான்" என்றார். மடித்த காற்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே, "வெதைச்சுப்புட்டு எங்கம்மா போறது? அறுக்கிற வரைக்கும் நிக்கணும். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.